நாலாம் கோர்ட் கடிகாரம்

தினமும் பத்து இருபத்தைந்துக்கு இரண்டாம் கோர்ட்டின் பெஞ்ச் கிளார்க் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல எழுந்து, நடைபாதையின் கோடிவரை போய், நாலாம் கோர்ட் வாசலில் நிற்பார். அவருக்கு அவசரம் ஒன்றும் கிடையாது. அவருடைய நீதிபதி பதினொன்றுக்கு முன் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

நாலாம் கோர்ட்டின் பெஞ்ச் கிளார்க் அவருக்குச் சகலை; மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒரே ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனால் பாலங்கள் துறையின் முன்னாள் அமைச்சர்மீதான ஊழல் வழக்கு சகலைக்குப் போயிற்று. அந்தக் கோர்ட் நீதிபதி அம்மா வாய்தா கொடுப்பதில் மகாக் கருமி. மூன்று மாதத்தில் நாற்பத்தொரு சாட்சிகளை விசாரித்து முடித்திருந்தார். கோர்ட்டுக்குள் கேமரா கூடாது என்பதால் ஒரு நாளிதழ் ஓவியரை அனுப்பியது. அவர் வரைந்த படத்தில் நீதிபதிக்குக் கீழே சகலையின் மூக்கு அப்படியே விழுந்திருந்தது. கொழுந்தியாள் அதைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டாள்.

"மூக்கு நல்லா வந்திருக்குல்ல?" என்றாள் மனைவி, பார்த்துவிட்டு வந்த அன்று.

"அதுக்குத் தனிச் சட்டம் போட்டிருக்கலாம்," என்றார் அவர்.

இரண்டாம் கோர்ட்டுக்கு வந்ததெல்லாம் சில்லறை. மீட்டர் ரீடர், சர்வேயர், பிறப்புச் சான்றிதழ் கொடுப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். உயர் அதிகாரிமீது விசாரணை தொடங்கவே அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டுப் போன காகிதங்கள் போனவைதான். ஆனாலும் ஊழல் தடுப்புத் துறையின் ஆண்டறிக்கை, இதுவரை இல்லாத அளவுக்கு வழக்குகள் என்று மார்தட்டியது. அந்தக் கணக்கில் இருந்தவர்கள் யாரென்று அவருக்குத் தெரியும். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அவர் வேலை. சட்டம் மாறுவதற்குமுன் பதிவான பெரிய வழக்கு அந்தக் கட்டடத்திலேயே ஒன்றுதான் மிச்சம். அதுவும் சகலையிடம்.

ஒருநாள் கேன்டீனில் தலைமை கிளார்க் டீயை ஆற்றிக்கொண்டே, "கோர்ட்டுன்னா உங்க சகலை கோர்ட்டுய்யா! என்ன வேகம்!" என்றார்.

இவருக்கு வயிறு எரிந்தது. "ஏன் வேகமா நடக்காது? அங்க சுவர்க் கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடுது. எதிர்த்தரப்பு வக்கீல் வர்றதுக்குள்ள கேஸைக் கூப்பிட்டா எல்லாக் கோர்ட்டும்தான் வேகமா நடக்கும்."

கடிகாரம் வேகமாக ஓடியது உண்மை. ஊழியர்கள் நேரத்துக்கு வர அம்மாவே அப்படி வைக்கச் சொல்லியிருந்தார். ஆனால் அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்தரைக்குத் தலையசைத்த பிறகுதான் சகலை வழக்கைக் கூப்பிடுவார். அதுவும் இவருக்குத் தெரியும்.

இரண்டு வாரத்தில் அமைச்சர் தரப்பு, வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டது. மாற்றியும் ஆயிற்று. இருபத்தாறு கட்டுகள் தள்ளுவண்டியில் இரண்டாம் கோர்ட்டுக்கு வந்தன. கூடவே சகலையும் வந்தார்.

"சரிபார்த்துக்க சகலை. பதினேழாம் கட்டுல கயிறு லூசு."

அன்று முழுக்க இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள்.

முதல் நாள் ஓவியர் வந்து பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டார். நீதிபதி பதினொன்று இருபதுக்கு வந்தார். ஆறு வாரம் வாய்தா. இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஓவியர் மின்விசிறியை மட்டும் வரைந்திருந்தார். அடுத்த முறை எட்டு வாரம். அதற்கு ஓவியர் வரவில்லை. வெளியே அமைச்சரின் வக்கீல் இவர் தோளைத் தட்டி, "உங்க கோர்ட்டுக்கு வந்தப்புறம்தாங்க நிம்மதியாத் தூங்கறோம்," என்றார்.

அன்று மதியம் இவர் மாற்றல் மனுவை எடுத்துப் படித்தார். ஒன்பதாவது பத்தியில், 'நீதிமன்ற ஊழியர் ஒருவரே கூறியபடி' என்று தொடங்கி அவருடைய கேன்டீன் பேச்சு, ஏழு நிமிடத்தோடு, அச்சடித்துக் கிடந்தது.

அடுத்த மாதம் நாலாம் கோர்ட் நீதிபதி அம்மாமீது பாரபட்சம் என்று விசாரணை வைத்தார்கள். நிரூபணமானால் அவரை வழக்கே வராத ஏதாவது பயிற்சி மையத்தில் உட்கார வைப்பார்கள். அமைச்சர் வழக்கும் இரண்டாம் கோர்ட்டிலேயே கிடந்து மக்கும்.

சகலை வீட்டுக்கு வந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

"எவனோ ஒரு புண்ணியவான் போட்டுக் குடுத்திருக்கான். பத்தரைக்குத்தான் கூப்பிட்டோம்னு நான் சொன்னா எடுபடாது சகலை. அம்மாவோட ஆளும்பாங்க. வெளியாள் ஒருத்தன் தினம் பார்த்திருக்கணும். எவனுக்கு அந்த வேலையத்த வேலை?"



மறுவாரம் இவர் விசாரணை அதிகாரியிடம் தானாகவே போய்ச் சாட்சி சொன்னார். "ஒன்பதாம் பத்தியில இருக்கறது நான் பேசினதுங்க. கடிகாரம் வேகம்கறது நிஜம். கேஸை முன்னாடியே கூப்பிட்டாங்கன்னது பொய். அறுபத்திரண்டு நாள் வாசல்ல நின்னு என் கடிகாரத்துல பார்த்தேன். ஒருநாள்கூடப் பத்தரைக்கு முன்னாடி கூப்பிடலை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இரண்டாம் கோர்ட். தினமும் நாலாம் கோர்ட் வாசல்ல என்ன வேலை?"

"பொறாமைங்க ஐயா."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள்.

"அதை விட்டுடலாம்," என்றார் அதிகாரி. "உங்க பேரு கெட்டுடும். வேலைக்கும் ஆபத்து."

"காரணம் இல்லேன்னா சாட்சி நிக்காதுங்க. குறுக்கு விசாரணையில முதல் கேள்வியே அதுதான் வரும். எழுதிக்கம்மா. சகலைமேல பொறாமை."

அவள் அதையும் தட்டச்சு செய்தாள். காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் சகலை தன் முறைக்காகக் காத்திருப்பது தெரிந்தது. நல்ல வெள்ளைச் சட்டை. இந்தச் சாட்சி நின்றால் இருபத்தாறு கட்டுகளும் தள்ளுவண்டி ஏறி அந்தச் சட்டையிடமே திரும்பிப் போகலாம், ஓவியரும் வரலாம், மூக்கும் இன்னொரு முறை பேப்பரில் வரலாம். நினைத்ததும் பழைய இடத்திலேயே சுருக்கென்றது.

பேனாவை ஒருமுறை உதறிவிட்டு, மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.