ஒன்று தள்ளிப்போன பதில்

ஜாஸ்லின் எழுதிய நிரல் அன்று காலைதான் முதன்முதலாக ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டு விசைப்படகுகளின் கம்பத்து உச்சியில், சிக்னல் எட்டும் உயரத்தில், சிம் போட்ட பெட்டிகள். படகு நிற்கும் இடத்தை அவை குறுஞ்செய்தியாக அனுப்பும். மீன்பிடித் துறைமுகத்து அறையில், அவளுடைய லேப்டாப்பில் அந்தச் செய்திகளை வாங்கும் ஒரு சின்ன மோடம். நிரல் அந்த மோடத்திடம் ஒவ்வொரு படகாகக் கேட்டு, வரும் பதிலைத் திரையில் போட வேண்டும்.

பத்து மணிக்குத் திரை சொன்னது: கிளாட்வின் படகு துறைமுகத்தில். செந்தூர்பாண்டி படகு கடலில், பதினோரு மைல் தள்ளி.

செந்தூர்பாண்டி படகோ என்ஜின் பழுதாகி ஜன்னலுக்கு வெளியே கட்டிக் கிடந்தது. அவள் இறங்கிப் போய்ப் படகில் ஏறி, பெட்டி எண்ணைப் படித்தாள். சரியான எண்தான். திரும்பி வந்தபோது அதே படகு பன்னிரண்டு மைலில் இருந்தது.

அப்போதுதான் ஹில்டா வந்தாள், கிளாட்வினின் மனைவி. ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்பவள்.

"ஏளா, எங்க வீட்டுக்காரரு எங்கன நிக்காரு? போன் போகவே மாட்டேங்கு."

"துறைமுகத்துலன்னு காட்டுதுக்கா. ஆனா எனக்கு..."

மிச்சத்தைக் கேட்க ஹில்டா நிற்கவில்லை. அரை மணி நேரம் கழித்து வியர்த்து வந்தாள்.

"படகையும் காணல, ஆளையும் காணல. காலைல சண்டை போட்டுட்டுப் போனாரு. எனக்குப் பயந்து எங்கயும் ஒளிஞ்சுகிட்டாரா?"

ஜாஸ்லின் நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். எல்லாம் சரியாக வந்தது. கால் மணியில் திரையில் படகுகள் மறுபடி இடம் மாறின. கேபிளை மாற்றினாள். அப்படியேதான். தன் கண்ணை நம்புவதா, தான் எழுதியதை நம்புவதா என்று குழம்பிப் போனாள்.

கடைசியில் மோடம் பேசுவதை வரி வரியாக அப்படியே அச்சடிக்க வைத்தாள். நடுவில் ஒரு வரி, யாரும் கேட்காதது: டவர் மாறிவிட்டது என்று மோடம் தானாகச் சொன்ன தகவல். நிரல் அதைக் கிளாட்வின் படகின் பதிலாக எடுத்துக்கொண்டது. அவருடைய பதில் அடுத்த கேள்விக்கு, செந்தூர்பாண்டி படகின் கணக்கில் போனது. அங்கிருந்து எல்லாமே ஒன்று தள்ளி.

"கேக்காம அது ஏன் பேசுது?" என்றாள் ஹில்டா.

"அது அப்படித்தான்க்கா. நான்தான் கவனிக்கல."

திருத்தி ஓடவிட்டாள். கிளாட்வின் படகு: பதினான்கு மைல்.

"இது எந்தக் கேள்விக்கு வந்த பதிலு?"

ஜாஸ்லின் அந்தப் படகிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள். பதினான்குதான்.

மாலை படகு வந்தது. கரையில் நின்ற ஹில்டா, "சாப்பிட்டீயளா?" என்று கேட்டாள். காலையில் முகம் கொடுத்துப் பேசாதவள் இப்போது ஏன் கேட்கிறாள் என்று புரியாமல், கிளாட்வின் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார்.