சம்பு மூடி

"அக்கா, இந்தக் கேள்வி ஒண்ணுதான் பாக்கி," என்றாள் ஜெரூஷா. காட்டாங்குளத்தூர் கல்லூரியில் மனநல ஆய்வு செய்யும் பெண். தாம்பரம் கிளினிக்கின் குட்டி அறையில் ஹில்டாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வெளியே பெஞ்சில் ஹில்டாவின் தம்பி டெனிஸ். நாற்பது வயது. செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"டெனிஸ் அண்ணா ஒண்ணு சொன்னாரு. ஏழு வயசுல கணக்குல மார்க் கொறைஞ்சதுக்கு அப்பா அவர வாசல்ல தரைக்கடியில இருக்குற காலி தண்ணி சம்புல இறக்கி மூடிட்டாராம். பழைய ஃபைல்ல இத வியாதியோட கற்பனைன்னு எழுதியிருக்காங்க. வீட்ல யாரையும் கேட்ட மாதிரி தெரியல. நிஜமா நடந்துச்சாக்கா?"

இருபது வருடமாக டெனிஸ் அதைச் சொல்கிறான். சொன்னபோதெல்லாம் ஒரு மாத்திரை கூடியது. காதில் கேட்ட குரல்கள் அடங்கின. கூடவே பசியும் சிரிப்பும் அடங்கின. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். தண்ணீர் லாரி வரும் நாளில் மட்டும் தானாக எழுந்து வருவான். சம்பு மூடியைத் திறந்து, குனிந்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்ட பிறகுதான் ஊற்றவிடுவான். அப்பா, ஹெட்மாஸ்டர் ஜீவரத்தினம், ஹால் சுவர்ப் படத்திலிருந்து டை கட்டிக்கொண்டு பார்ப்பார்.

அந்த மதியம் ஹில்டாவுக்கு மறக்கவில்லை. மூடியைப் போட்டுவிட்டு அப்பா அவளைத்தான் கூப்பிட்டார். "இது மேல உக்காரு. நான் சொல்றவரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது." பன்னிரண்டு வயது. உட்கார்ந்தாள். அவன் கீழேயிருந்து தட்டியது தொடையில் அதிர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. அப்போதும் அவள் எழவில்லை.

"அக்கா?"

"இல்லம்மா. அப்பா கொஞ்சம் ஸ்ட்ரிக்ட். அவ்வளவுதான்."

ஜெரூஷா படிவத்தில் 'கற்பனை' என்ற கட்டத்தில் டிக் செய்தாள். கதவு பாதி திறந்திருந்ததை ஹில்டா அப்போதுதான் கவனித்தாள். வெளியே டெனிஸ் செருப்பைக் கீழே வைத்து, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தான்.

ஆட்டோ மேடவாக்கம் தாண்டியபோது கேட்டான்.

"மேல நீ அழுத சத்தம் கேட்டுச்சே. அதுவும் வியாதிதானாக்கா?"

அவள் சாலையைப் பார்த்தாள்.

"பாவம், மூடி மேல நீதான் உக்காந்திருந்தேன்னு உன்ன வேற தப்பா நெனச்சுட்டேன்," என்றான்.

கோவிலம்பாக்கம் வீட்டு வாசலில் லாரி காத்திருந்தது. டிரைவர் ஹோஸைத் தோளில் போட்டபடி சிரித்தார். "வா டெனிஸ் சாரு! உள்ள ஆளு கீதான்னு பாத்து சொல்லு. நீ கேக்காம ஊத்துனா எனக்கே பேஜாரா கீது."

டெனிஸ் மூடியை இழுத்தான். குனியவில்லை.

"யாரும் இல்ல. ஊத்துங்க."

"டெனிஸ், ஒரு தடவ கேளேன்," என்றாள் ஹில்டா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தண்ணீர் காலித் தரையில் மோதியது. தட்டுவது போலவே இருந்தது. லாரி போன பிறகு டெனிஸ் மூடியைத் தள்ளிப் போட்டு, அதன் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சுற்றிலும் சிந்திய தண்ணீர் அவன் செருப்பைத் தொட்டு, வாசல் பக்கம் ஓடியது.