குணமானவர்கள் பட்டியல்

தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். காய்ச்சல் ஊரை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. கட்சிகள்தான் அதை விடுவதாயில்லை. இந்தப் பக்கத்துச் சுவரில் ஆளுங்கட்சி 'ஒன்பதாயிரம் உயிர்களை மீட்டோம்' என்று மார்தட்டியது. எதிர்ச்சுவரில் எதிர்க்கட்சி 'அத்தனையும் பொய்' என்று எழுதி வைத்தது. நடுவில் போகிறவர்கள் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

அரசு மருத்துவமனையில் பதிவேடு எழுதுகிறவளுக்கு இந்தச் சுவர்களை நிமிர்ந்து பார்க்கவே பிடிக்காது. டாக்டர்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் ரெஜிஸ்டர் அக்கா. அந்த ஒன்பதாயிரத்தில் முக்கால்வாசி அவள் கைப்பட எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய தம்பி மனைவி ஓர் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். காய்ச்சலில் தம்பி போனதிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே சமையலறையில் ஒரு வருடம் சண்டையில்லாமல் காலம் தள்ளியதில் அக்கம்பக்கத்தில் பலருக்கு ஏமாற்றம்.

"அண்ணி, இவருக்குக் கடிதாசி வந்திருக்கு. படிங்க."

'அன்புச் சகோதரரே, எங்கள் ஆட்சியின் கவனிப்பில் நீங்கள் குணமாகி வீடு திரும்பியதில் மகிழ்கிறோம். வாக்களிக்க மறவாதீர்கள்.' கீழே தலைவரின் கையெழுத்து, அதுவும் அச்சடித்தது.

அக்கா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். தவறு எங்கே நடந்தது என்று அவளுக்குத் தெரியும். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: இறந்தவர், வெளியே போனவர். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி அனுப்பப்பட்டவர்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. அவர்களை வெளியே போனவர்களோடு சேர்த்துவிடுவதுதான் வழக்கம். மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போகும்போது அத்தனை பேரும் குணமானவர்கள் ஆகிவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தாலும், வேறு இடத்து நோயாளி என்று அங்கேயும் கணக்கில் சேர்க்காமல் கைகழுவிவிடுவார்கள். தம்பியை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு வந்து, அவன் பேரை அந்தக் கட்டத்தில் எழுதியது அவளேதான். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளர். தம்பி மனைவி கடிதத்தைப் பக்கத்து வீட்டில் காட்டியிருக்கிறாள். செய்தி அதற்குள் அவருக்குப் போய்விட்டது.

"அதை எங்ககிட்ட குடும்மா," என்றார் உட்காராமலே. "பேனர்ல போடறோம். செத்தவருக்கு வாழ்த்து அனுப்புன கவர்மெண்டுன்னு நாறடிச்சிடலாம். எந்த கிளார்க் எழுதினான்னு கண்டுபிடிச்சு, மேடையிலயே பேரைச் சொல்றோம்."

தம்பி மனைவி உறையை எடுத்து நீட்டினாள்.

"தேட வேண்டாம்," என்றாள் அக்கா. "எழுதினது நான்தான். மேடையில சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிடுங்க. அந்தப் படிவம் பதினோரு வருஷமா அதேதான். அதை அச்சடிச்சது உங்க ஆட்சியில."

செயலாளர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார், பதில் அதில் இருப்பது போல. நீட்டிய உறையை வாங்கவில்லை. பிறகு வருவதாகச் சொல்லி மெல்ல நழுவினார். பிறகு வரவும் இல்லை.

தம்பி மனைவியின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"தெரிஞ்சே எழுதினீங்களா, அண்ணி?"

"எழுதும்போது அவன் உயிரோடதான் இருந்தான். வழக்கப்படி எழுதினேன்."

"அப்புறம்?"

அதற்கு அக்காவிடம் ஓர் அழகான பதில் தயாராக இருந்தது. அந்த ஏட்டிலாவது அவன் பிழைத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். ஒரு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். கேட்கிறவர்கள் கண் கலங்கிவிடுவார்கள். ஆனால் அது பொய்.

"திருத்தச் சொல்லி மனு குடுத்திருக்கலாம். ஒருத்தரைத் திருத்தினா, அப்படி மாத்தி அனுப்பி அங்கே செத்துப்போன நூத்திப் பதினேழு பேரையும் திருத்தணும். மேலே இருக்கறவங்க சும்மா விடமாட்டாங்க. வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

தம்பி மனைவி எழுந்து போய், பொங்கிக்கொண்டிருந்த பாலைப் பார்த்து அடுப்பை அணைத்தாள். அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இந்த வீடு இன்றோடு இரண்டாகிவிடும் என்று அக்காவுக்குத் தோன்றியது. தம்பி போன அன்றுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

"நூத்திப் பதினேழு வீட்டுக்கும் இந்தக் கடிதாசி போயிருக்குமா?"

"போயிருக்கும்."

"மனு எழுதுங்க. இப்பவே. இவர்லேருந்து ஆரம்பிங்க."

அக்கா தாளை எடுத்து உட்கார்ந்தாள். பேர், வயது, இறந்த தேதி. எதையும் பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை. மனுதாரர் இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அங்கே வந்ததும் கொஞ்சம் தயங்கி, 'பதிவேடு எழுதியவர்' என்று எழுதினாள்.

தம்பி மனைவி பேனாவைப் பிடுங்கி அதை அடித்தாள். அடித்த வேகத்தில் தாள் லேசாகக் கிழிந்தது.

"என் கோபம் இப்போதைக்குத் தீராது, அண்ணி," என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "அக்கான்னு எழுதுங்க."