ஒரே ஒரு லிப்டர்

காசிராஜன் கத்துனா நாலு தெருவுக்குக் கேக்கும். ஆனா பந்து சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டா மனுசன் வெள்ளந்தி. அதுதான் அவனக் கெடுத்துச்சு.

சுனாமி வந்த வருசம். அச்சங்குளத்துல ஒரு பட்டாசுக் கம்பெனி, அதுக்குன்னு ஒரு வாலிபால் டீம். காசிராஜன்தான் லிப்டர். வர்ற பந்த விரல்ல வாங்கி அடிக்கிறவனுக்குத் தோதாத் தூக்கிவிடணும். யாரு அடிக்கணும்கிறதையும் அவன்தான் முடிவு பண்ணணும். டீம்ல ஆடுறவன் வெடிமருந்து கலக்கிற ரூமுக்குப் போக வேண்டாம், பேக்கிங்ல உக்காந்து டப்பா ஒட்டலாம். கம்பெனியில அப்படி ஒரு வழக்கம். விரலு வீணாயிரக் கூடாதுல்லா. அவன் மச்சினன் அந்த மருந்து ரூம்லதான் கருகிச் செத்தான். அதுக்கப்புறம் பொஞ்சாதி வள்ளித்தாய், நீங்க அந்த வாசப்படிய மிதிச்சா நா இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னு சொல்லியே வச்சிருந்தா.

வயசு முப்பத்தஞ்சத் தொட்டதும் முட்டி மக்கர் பண்ணுச்சு. மேனேஜர் கனகசபாபதி, ஆமத்தூர்லருந்து முனியராஜ்னு ஒரு எளவட்டத்தக் கூட்டியாந்தாரு. இவனப் பழக்கி விடு, நீ கோச்சா இரு, ஒன் பேக்கிங் எடம் அப்படியே இருக்கும்னாரு. காசிராஜன் நம்புனான். நம்பாம என்ன செய்வான்?

பயலுக்கு விரலு பஞ்சு. கண்ணுதான் காட்டிக் குடுத்துரும். யாருக்குப் பந்து போடப் போறானோ அவனையே பாப்பான்; எதிராளி அங்கன போயி நின்னு மறிச்சிருவான். காசிராஜன் வலைக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு, பய கண்ணு போற பக்கமெல்லாம் ஓடி ஓடி மறிச்சான். முட்டி பூசணிக்காயா வீங்குச்சு, விடல. ஏலே மூதேவி, கண்ணத் திருப்புலேன்னு திட்டித் திட்டித் தொண்ட கட்டிப்போச்சு. அம்புட்டுத் திட்டும் கிரவுண்டோட சரி. வீட்டுல கறி எடுத்தா மொதத் துண்டு முனியராஜுக்குத்தான். அவனும் அண்ணே அண்ணேன்னு காலச் சுத்திக்கிட்டுக் கெடந்தான்.

சாத்தூர்ல பைனல். ஆட்டம் இழுபறியா நிக்கிறப்ப, முனியராஜ் வலப்பக்கத்து ஆளப் பாத்துக்கிட்டே பந்த முதுகுக்குப் பின்னால தூக்கிவிட்டான். எதிர்ல மறிக்க வந்தவங்க ரெண்டு பேரும் வெறுங்காத்துல குதிச்சாங்க. கப்பு கைக்கு வந்துருச்சு. காசிராஜன் பெஞ்சுமேல ஏறி நின்னு அழுதான்.

மறுநா வேலைக்குப் போனா, அவன் எடத்துல முனியராஜோட அண்ணன் சங்கிலிமுத்து உக்காந்து டப்பா ஒட்டிக்கிட்டு இருந்தான். முந்தாநா வரைக்கும் மருந்து ரூம்ல கெடந்த ஆளு. போர்மேன் காசிராஜன அந்த ரூமுக்குப் போகச் சொன்னாரு.

மேனேஜர் ரூம் கதவு ஒடையாததுதான் பாக்கி. அம்புட்டுக் கத்துக் கத்துனான். கனகசபாபதி அசரல.

"ஒன் எடத்த நா தொடலப்பா. எங்கண்ணனப் பேக்கிங்ல போட்டாத்தான் பைனல்ல எறங்குவேன்னு அந்தப் பய ஒத்தக் கால்ல நின்னான். எடம் இல்லலேன்னேன். காசியண்ணன் எடம் இருக்குல்லன்னான்."

காசிராஜன் விறுவிறுன்னு வெளிய வந்தான். மேனேஜர் ஏமாத்தியிருந்தா, போறான் சண்டாளன்னு விட்டிருப்பான். இவன் தன் கையால சோறு தின்ன பயலாச்சே.

முனியராஜ் கொழாயடியில மொகங் கழுவிக்கிட்டு இருந்தான். காசிராஜனக் கண்டதும் ஓடல, ஒளியல.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லலே?"

"கேட்டா விட்டுக் குடுத்திருப்பீகளாண்ணே?" பய கொழாய மூடுனான். "எங்கண்ணனுக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு."

அறையத் தூக்குன கை அப்படியே நின்னுபோச்சு. குடுத்திருப்பேன்லேன்னு கத்தணும்போல இருந்துச்சு காசிராஜனுக்கு. ஆனா, குடுத்திருக்க மாட்டான். பாவிப்பய அதையும் தெரிஞ்சுதான் கேக்காம எடுத்திருக்கான்.

போர்மேன் மறுபடியும் சத்தம் போட்டாரு. காசிராஜன் சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, வள்ளித்தாய்கிட்ட இன்னைக்கு என்னத்தச் சொல்லன்னு யோசிச்சுக்கிட்டே மருந்து ரூமுக்குள்ள போனான்.