அடுப்படி வழியாகப் போன மூன்று பத்து ரயில்

த்ரெனோவோ ஊரில் கேட் கீப்பர் நைடனின் அடுப்படி வழியாகத் தினமும் பிற்பகல் மூன்று பத்துக்குப் பாசஞ்சர் ரயில் போனது. கிழக்குச் சுவரில் நுழைந்து மேற்குச் சுவரில் வெளியேறும். சுவர் இடியாது, தட்டு உடையாது, அடுப்பில் இருக்கும் பீன்ஸ் சூப்பில் மட்டும் கொஞ்சம் கரி விழும். நிஜத் தண்டவாளம் அங்கிருந்து முந்நூறு அடி தள்ளி இருந்தது. முதல் வாரம் ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. அப்புறம் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கொள்ள மட்டும் அந்தப் பக்கம் காதைக் கொடுத்தோம்.

இது தொடங்கியது மின்ச்சோ செத்த மறுநாள். மின்ச்சோ முட்டைக்கோஸ் வண்டிக்காரன். லெவல் கிராசிங்கில் ரயில் அவனையும் குதிரையையும் அடித்துப் போட்டது. "கேட்டைச் சாத்தித்தான் வைத்திருந்தேன், போதையில் அவனே தூக்கிவிட்டு உள்ளே வந்தான்" என்று நைடன் போலீசுக்கு எழுதிக் கொடுத்தான். மின்ச்சோ கல்யாண வீட்டில்கூட இரண்டாவது கோப்பையைத் தொடாதவன். அது தெரிந்தும் நம்பினோம், நம்புவது சுலபமாக இருந்தது. யாரோ ஒருவன் கடையில், "குதிரையும் குடிச்சிருந்துச்சாம்ல" என்றான். எல்லோரும் சிரித்தோம். மின்ச்சோவின் மனைவி சோன்கா அப்போது வாசலில் ரொட்டிக்கு நின்றுகொண்டிருந்தாள்.

இறந்தவரின் படம் போட்ட கறுப்புக் கரைத் தாளை வருஷாவருஷம் கதவுகளிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டுவது எங்கள் வழக்கம். சோன்கா ஒட்டிய தாளில் மின்ச்சோவின் மூக்குக்கு, குடிகாரன் மூக்கு மாதிரி, எவனோ சிவப்பு மை பூசினான். அவள் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

நைடன் வேலையை விட்டுவிட்டு நாலு வருஷம் குடித்தான். மூன்று பத்துக்கு அடுப்படி நடுவில் போய் நிற்பான். ரயில் வெதுவெதுப்பான காற்றாக அவனுக்குள் புகுந்து போய்விடும். ரயில் ஜன்னலோரம் மின்ச்சோ மடியில் ஒரு முட்டைக்கோஸோடு உட்கார்ந்திருப்பான், இவன் பக்கம் திரும்பமாட்டான். கடைசியில் நிஜத் தண்டவாளத்துக்கே போய்விடுவது என்று நைடன் முடிவு செய்தான். தனக்குத் தாள் அடிக்க ஆளில்லை என்பதால், நகரத்து அச்சகத்தில் தன் படத்தை அவனே கொடுத்து முப்பது தாள் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய மன்னிப்பு ஞாயிறு. அன்றைக்கு வீடு வீடாகப் போய் "மன்னிச்சிருங்க" என்போம், "கடவுள் மன்னிப்பார்" என்று பதில் வரும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, அதுதான் அதிலுள்ள வசதி. நைடன் கடைசியாகச் சோன்கா வீட்டுக்குப் போனான்.

"மன்னிச்சிரு சோன்காக்கா."

"எதுக்கு?" என்றாள்.

அவன் தொப்பியைக் கழற்றிக் கசக்கினான். "கேட்டு தொறந்துதான் இருந்துச்சு. நான்தான் குடிச்சிட்டுத் தூங்கிட்டேன். அவன் குடிக்கல."

"எனக்குத் தெரியாதா? அவனக் குளிப்பாட்டினவ நான். வாயில துளி வாடை இல்ல. ஊருக்குச் சொல்லு."

"நாளைக்கு நான் இருக்கமாட்டேன்க்கா."

"நீ செத்துட்டா யாரு சொல்றது? எம்புருஷன் குடிகாரனாவே கெடக்கணுமா? இருந்து சொல்லுடா."

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போய் வாசகத்தை மாற்றினான். அவன் படம், அதே கறுப்புக் கரை. கீழே: "கேட் திறந்திருந்தது. குடித்துத் தூங்கியவன் நான். மின்ச்சோ குடிக்கவில்லை. இப்படிக்கு நைடன், உயிரோடு." முப்பதையும் பட்டப்பகலில் அவனே ஒட்டினான். சிலர் துப்பினார்கள், ஒருவன் அறைந்தான். நாங்கள் அதைப் படித்துவிட்டுத் தலை குனிந்து ரொட்டி வாங்கினோம்.

இரண்டு வருஷம் சிறை. ஆளில்லாத அடுப்படி வழியாக ரயில் போய்க்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்தவன் குடிக்கவில்லை. தினமும் மூன்று ஐந்துக்கு இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே துடைப்பக் கட்டையை வைத்துக் கேட்டைச் சாத்துவான். சோன்கா வந்து கட்டைக்கு இந்தப் பக்கம் நிற்பாள். ஜன்னலில் மின்ச்சோ அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவான். ஒவ்வொரு மன்னிப்பு ஞாயிறும் நைடன் கேட்பான், அவள் "எதுக்கு?" என்பாள், அவன் முதலிலிருந்து முழுசாகச் சொல்வான்.

இந்த வருஷம் மன்னிப்பு ஞாயிறன்று அந்த அடுப்படிக்கு நானும் போனேன்.

"மன்னிச்சிருங்கக்கா."

"எதுக்கு?"

"குதிரையப் பத்திச் சொன்னது நான்தான்."

கடவுள் மன்னிப்பார் என்று அவள் எனக்கும் சொல்லவில்லை. "தள்ளி நில்லு, வண்டி வருது" என்றாள். மூன்று பத்து ரயில் சரியான நேரத்துக்கு வந்தது, சூப்பில் கொஞ்சம் கரி விழுந்தது.