உயிருள்ள பொட்டலம்

வேலை உத்தரவு வந்தபோது நான் கழிவறையில் இருந்தேன். மாமியார் சுல்ஃபத் கதவைத் தட்டி, "நௌஷிதா, உனக்கு என்னமோ ரெஜிஸ்டர் வந்திருக்கு மோளே" என்றார். என்னால் எழுந்து வர முடியவில்லை. கடைசியில் மாமிதான் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். அங்கேயே உட்கார்ந்து படித்தேன்.

ஒன்பது வருஷம் பரீட்சை எழுதி எழுதி வந்த வேலை. திருப்பூணித்துறையில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மட்டாஞ்சேரியிலிருந்து திருப்பூணித்துறைக்கு பஸ்ஸில் நல்ல நாளிலேயே ஒன்றே கால் மணி நேரம் ஆகும். எனக்கோ தெருமுனை மருந்துக்கடை வரை போய்வர முடியவில்லை. நாலு மாதமாக என் உலகம் கழிவறைக்கு இந்தப் பக்கம் பதினோரு அடி, அந்தப் பக்கம் பதினோரு அடி.

இதை இழுத்துவிட்டுக்கொண்டது நான்தான். பல் வேரில் சீழ் வைத்தது. பல் டாக்டர் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். வலி அடங்கவில்லை என்று நானே மருந்துக்கடையில் இன்னொரு கோர்ஸ் வாங்கி விழுங்கினேன். பல் சரியாகிவிட்டது, வயிறு போய்விட்டது. ஒரு நாளைக்கு எட்டு முறை, ஒன்பது முறை. பரிசோதனையில் ஒன்றும் தென்படவில்லை. டாக்டர் ஸுப்ரியா ஒரு பெட்டி நிறையப் பொட்டலம் எழுதிக் கொடுத்து என்னென்னவோ விளக்கினார். அவருடைய அறைக்கு வெளியே கழிவறை எந்தப் பக்கம் இருக்கிறது என்ற யோசனையில் நான் பாதியைக் கேட்கவே இல்லை.

பொட்டலம் கலந்து தரும் பொறுப்பு மாமியுடையது. எங்கள் வீட்டில் வாய்க்குள் போகும் எதுவும் அவர் அடுப்பைத் தாண்டித்தான் போகும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய மூத்த மகள் நசீமா மஞ்சள் காமாலையில் போனாள். பதினேழு வயது. எங்கேயோ கல்யாண வீட்டில் குடித்த தண்ணீர். அன்றிலிருந்து மாமி வெளியில் ஒரு வாய் குடித்ததில்லை. வீட்டிலோ பதிமுகப் பட்டை போட்டுச் சிவந்த குடிவெள்ளம் காலை முதல் கொதித்துக்கொண்டே இருக்கும். தயிரைக்கூட மோர்க்குழம்பாகக் காய்ச்சாமல் தரமாட்டார். வயிறு கெட்ட பிறகு வெங்காயம், பூண்டு, வாழைக்காய், பயறு எல்லாம் வாயு என்று நின்றுபோயின. ரஸ்க், பால் விடாத கட்டன் சாயா, வடித்த கஞ்சித் தண்ணீர். இதுதான் என் சாப்பாடு.

உத்தரவு வந்த அன்றே டாக்டருக்குப் போன் போட்டு அழுதேன்.

"பொட்டலம் ஒழுங்கா எடுக்கறீங்களா?"

"ஒரு நேரம் தப்பல டாக்டர்."

"எதுல கலக்கறீங்க?"

"நல்லாத் திளைச்ச வெள்ளத்துல. ஆவி பறக்கப் பறக்க."

"நௌஷிதா, அது புரோபயாட்டிக். உயிரோட இருக்கற நல்ல கிருமி. ஆன்டிபயாட்டிக் உங்க குடல்ல இருந்ததைக் கொன்னுடுச்சு, புதுசா குடியேத்தறோம். நீங்க தினமும் அதைக் கொதிக்கவச்சுக் குடிக்கறீங்க. சரி, என்ன சாப்பிடறீங்க?"

சொன்னேன்.

"தப்பித்தவறி ஒண்ணு ரெண்டு பிழைச்சாலும் அதுக்குத் தீனி வேணுமே. வாழைக்காய், வெங்காயம், பூண்டு, பயறு, இதுல இருக்கற நாரைத்தான் அதுங்க தின்னும். ப்ரீபயாட்டிக்னு அன்னைக்குச் சொன்னேனே, அது இதுதான். ஒரேயடியா வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. ஆறின வெள்ளத்துல கலக்குங்க. மந்திரம் மாதிரி உடனே நிக்காது, வாரக்கணக்காகும்."

நான் விலங்கியல் படித்தவள். சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கப் போகிறவள். என் கண் முன்னால் இரண்டு மாதம் தினம் இரண்டு வேளை கிருமிகளை வேகவைத்துக் கொடுத்திருக்கிறார்கள், நானும் பிஸ்மி சொல்லிக் குடித்திருக்கிறேன். வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. நேரே அடுக்களைக்குப் போய் மாமியிடம் கொட்டினேன்.

ஆறிய தண்ணீர் என்றதும் மாமி தலையாட்டினார். கொதிக்கவைத்து ஆறவைத்தால் போச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். பொட்டலத்தில் இருப்பது உயிருள்ள கிருமி என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

"உயிரோடயா?" மாமியின் கை நின்றுவிட்டது. "கிருமியவா டாக்டர் எழுதிக் குடுத்தது?"

"நல்ல கிருமி மாமி."

"நல்லது கெட்டது அதுக்கு நெத்தியில எழுதியிருக்கா?"

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்பில். "மொதல்ல நான் குடிக்கேன். மூணு நாள் பார்ப்போம். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீ குடி."

"மூணு நாளா? எனக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு."

"உனக்கு ஒண்ணு ஆயிட்டா வேலையை வச்சு என்ன செய்ய?"

என் கணவர் ஷாஹிருக்கு வெலிங்டன் தீவில் கிடங்கு வேலை. சாயங்காலம் வந்ததும், "இக்கா, மருந்துக்கடையில வேற பெட்டி வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர் அம்மா முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "மூணு நாள்தானே நௌஷி. உம்மா பாவம்" என்றார். நான் பாவமில்லையா என்று கேட்கத் தொடங்குவதற்குள் வயிறு கூப்பிட்டுவிட்டது.

அந்த மூன்று நாளும் நான் மாமியை வெறுத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, வெறுத்தேன். காலையில் ஒரு பொட்டலத்தை ஆறிய தண்ணீரில் கலக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு விஷம் குடிக்கிற மாதிரி குடிப்பார். பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று கீழ் இமையை இழுத்து வெள்ளையில் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். நகத்தைப் பார்ப்பார். மஞ்சள் காமாலை மூன்று நாளில் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் முப்பது நாளாக்கிவிடுவார் என்று மூடிக்கொண்டேன். வீட்டுக்குள் பூட்டு, வயிற்றுக்குள் பூட்டு. இரண்டுக்கும் சாவி அந்த இடுப்பில்.

நாலாம் நாள் காலை டம்ளரை நீட்டினார். நான் குடித்து முடிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மதியம் சோற்றோரத்தில் தேங்காய் துருவிப் போட்ட வாழைக்காய்த் தோரன் ஒரு கரண்டி இருந்தது, மறுநாள் காய்ச்சாத தயிர். நான் சாப்பிட்ட ஒவ்வொன்றையும் முதலில் அவர் தின்று காட்டினார்.

ஒன்பது முறை ஏழானது, ஏழு ஐந்தானது. நடுவில் ஒரு நாள் மறுபடி எட்டு. தலையணையில் முகம் புதைத்துக் கத்தினேன். பதினாலாம் நாள் நாலு முறை. நாலு என்பது நல்ல எண்தான், ஆனால் அந்த நாலில் ஒன்று எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? நெரிசல் பஸ்ஸில், பாலத்து நடுவில் வந்தால்?

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு சேலை கட்டி, உத்தரவைப் பையில் வைத்து, வாசல்வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் கால் எழவில்லை. வயிறு அமைதியாகத்தான் இருந்தது. பயம்தான் பிடித்து வைத்திருந்தது. நிலைப்படியைப் பிடித்தபடி நின்றேன்.

ஷாஹிர் பக்கத்தில் வந்தார். "முடியலைன்னா விட்டுரு நௌஷி. நான் சம்பாதிக்கறது போதாதா? நீ வீட்லயே இரு."

அன்பாகத்தான் சொன்னார். சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். இந்தப் பதினோரு அடியிலேயே எனக்கு நாற்பது வயதாகும், ஐம்பது வயதாகும்.

உள்ளேயிருந்து மாமி பர்தா போட்டுக்கொண்டு வந்தார். கையில் குடை.

"நேத்து சுள்ளிக்கல்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல? பொய். திருப்பூணித்துறைக்குப் போனேன்."

"எதுக்கு மாமி?"

"பாத்ரூம் பார்க்க." செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "தோப்பும்படியில பள்ளிவாசலுக்குப் பின்னாடி பெண்ணுங்களுக்குத் தனியா இருக்கு. தேவரையில பெட்ரோல் பம்ப், சாவி உள்ளே இருக்கற பெண்ணுகிட்ட, கேட்டா தரும். வைற்றிலா ஸ்டாண்டுல இருக்கு, எப்பவும் திறந்திருக்கும். ஒவ்வொண்ணுலயும் இறங்கிப் பார்த்துட்டு அடுத்த பஸ் புடிச்சேன். பேட்டையிலதான் ஒண்ணும் இல்ல. ஒரு ஓட்டல்காரன், ஏதாவது குடிச்சாத்தான் பாத்ரூம் சாவி தருவேன்னான்."

"என்ன குடிச்சீங்க?"

"சாயா தீர்ந்துபோச்சுன்னான். சம்பாரம் குடிச்சேன்."

நீர்மோர். பச்சைத் தண்ணீர் விட்டு, யாரோ ஒருவர் கை போட்டுக் கலக்கியது. நான் மாமியின் முகத்தையே பார்த்தேன்.

"உன் ஸ்கூல்ல கீழயே இருக்கு, லேப்ல இருந்து முப்பத்திரண்டு அடி" என்றார் மாமி. "வாச்மேன்கிட்ட, நாளைக்கு என் மருமக இங்க ஜோலிக்குச் சேருதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இறங்கு மோளே, ஏழே காலுக்கு பஸ்."

நான் நிலைப்படியை விட்டேன்.