மாலையில் விடியும் அறை

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு ஏப்ரல் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, நோர்டாலில் ஆர்விட் ஸ்கோக்லண்டின் வீட்டு மாடியறையில் மாலை ஐந்தரை மணிக்குச் சூரியன் உதித்தது. ஊருக்குப் பொதுவான சூரியன் அப்போது தானியக் கிடங்குக்கு மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. மாடியறையின் கிழக்கு ஜன்னலிலோ பால் நிறத்தில் வெளிச்சம் கட்டி, பிறகு மஞ்சளாகி, எட்டு மணிக்கெல்லாம் நல்ல பகலாகிவிட்டது. ஆர்விட்டின் மனைவி ரோண்டா ஏணி போட்டு ஏறி வெளியிலிருந்து அதே கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே இருட்டு, ஈரம், பக்கத்து வீட்டு நாய். உள்ளே வெயில். அன்று காலையில்தான் இருவரும் கூரியரில் வந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அதனால் அவர்களுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. சீனத்தில் லான்ஜோ நகரத்துக் குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் மின்யூ என்ற பெண் குழந்தையைத் தத்தெடுக்கச் சம்மதம் என்பது அந்தத் தாளின் சாரம். அறை தன் பங்குக்கு அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொண்டது.

குழந்தைக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் குழாயில் அடைப்பு, அதனால் உதடும் நகமும் நாவல் பழம் தின்ற மாதிரி நீலம். அங்கே இதற்கான அறுவை சிகிச்சையைச் செய்துவைக்க அவளுக்கென்று யாரும் இல்லை. மினியாபொலிஸ் பெரிய மருத்துவமனையின் இதய நிபுணர் அறிக்கையைப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். "வர்ற குளிர்காலத்துக்குள்ள இங்க கொண்டுவந்துடுங்க. அதுக்கப்புறம் இந்த இதயம் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்." ஆர்விட் சமையல் எரிவாயு லாரி ஓட்டுபவன், ஆறடி நான்கு அங்குலம், வாய் திறந்தால் நாளைக்குப் பத்து வார்த்தை. அன்று வீடு திரும்பும் இரண்டரை மணி நேரமும் ஒன்றுமே பேசவில்லை. அவன் வழக்கமாகப் பேசாத மாதிரி இல்லை அது என்று ரோண்டா பிறகு சொன்னாள்.

தத்தெடுப்பவர்களின் வீட்டை வந்து பார்த்து அறிக்கை எழுதும் அம்மாள் மே மாதம் வந்தார். புகை எச்சரிக்கை மணி இருக்கிறதா, வெந்நீர் கை பொறுக்கும் சூடா, நெருப்புப் பிடித்தால் ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் அகலமா என்று எல்லாவற்றையும் அளந்தார். மாடியறைக்கு வந்தபோது மணி பகல் பதினொன்று. அறை கும்மிருட்டு, ஜன்னலில் நட்சத்திரங்கள். டார்ச் அடித்துக் கட்டிலைச் சோதித்துவிட்டு, "வெளிச்சம்?" என்று கேட்டார். "ராத்திரி முழுக்க நல்லா வரும்" என்றாள் ரோண்டா. "போதுமான வெளிச்சம் உண்டு, நேரம் மட்டும் வேறு" என்று எழுதிக்கொண்டு, காபியை இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ஒரு குறையும் எழுதவில்லை.

கோடை முழுக்கக் காகிதங்கள் ஒவ்வொரு அலுவலகமாக முத்திரை வாங்கித் திரிந்தன. அறைக்குள் அந்த ஊர்ப் பாலைக்காற்று மஞ்சள் புழுதியைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டது. ரோண்டா அதைத் தினமும் பெருக்கிக் காலி ஐஸ்கிரீம் வாளியில் சேர்த்தாள். எறிய மனசு வரவில்லை. சாயங்காலம் ஆனால் தேவாலயத்துப் பெண்கள் இருவர் மூவராக வந்து, விடிவதைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு வெர்லிஸ் டாஃப்டி, எதையும் குறை சொல்லிவிட்டுத்தான் உதவி செய்பவள், "இந்த நேரத்துல வெயில் அடிச்சா திரைச்சீலை வெளுத்துடும், சொல்லிட்டேன்" என்று திட்டிக்கொண்டே கனத்த துணியில் புதுத் திரை தைத்துக் கொடுத்தாள். நவம்பரில்தான் பயண அனுமதி வந்தது. வீட்டுச் சாவியை வெர்லிஸிடம் கொடுத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

லான்ஜோவில் முதல் நாளே குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் தங்களோடு வைத்திருந்து, மறுநாள் வந்து முடிவு சொல்ல வேண்டும் என்பது அந்த ஊர் நடைமுறை. மின்யூ அழவில்லை. அவளுக்கு அழுவதற்கு மூச்சு போதாது. எட்டு அடி நடப்பாள், பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்து, முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு, உதடு கறுத்து நீலமாகி, மறுபடி மூச்சு வரும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதயத்துக்கு அது எளிதாக இருக்கும் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விடுதி நடைபாதையில் அவள் குந்தும்போதெல்லாம் ரோண்டாவும் பக்கத்தில் குந்தினாள். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ குழந்தை ஒரு கையை எடுத்து ரோண்டாவின் முழங்காலில் வைத்தது. இந்தக் கையை இனி விட முடியாது என்று அந்த இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நோர்டாலில் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்போம், இரண்டாம் முறையும் வேண்டாம் என்போம், மூன்றாம் முறை கேட்டால்தான் கை நீட்டுவோம். கொடுப்பவரும் அதை அறிந்து மூன்று முறை கேட்பார். தன் களஞ்சியம் எரிந்துகொண்டிருக்கும்போது தீயணைப்பு வண்டிக்காரர்களிடம் "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்று சொன்னவர் எங்கள் ஊர்க்காரர்தான். லான்ஜோவிலும் விருந்தில் இதே உபசாரம் உண்டாம். ஆனால் அரசாங்க மேசையில் கேள்வி ஒரே ஒரு முறைதான்.

மறுநாள் காலை பத்து மணி. குழந்தைக்கு உள்ளே புழுக்கமாக இருக்கிறதென்று ரோண்டா அவளோடு வராந்தாவில் இருந்தாள். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் மா என்ற அதிகாரி அம்மாள், பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண் ஹூ, எதிரே ஆர்விட். மா நல்லவர், நெஞ்சில் ஈரமுள்ளவர். கோப்பில் எழுதியதைவிடக் குழந்தையின் நிலைமை மோசம் என்று புதிய பரிசோதனையில் தெரிந்திருந்தது. அதை மறைத்துக் குழந்தையைத் தலையில் கட்ட அவருக்கு மனமில்லை. "நீங்க ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. இவ்வளவு நோயோட இருக்கிற பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும்னு கட்டாயம் இல்ல. இருந்தாலும் உங்களுக்கு இவளைக் கொடுக்க எங்களுக்கு சந்தோஷம்தான். எடுத்துக்கறீங்களா?" இவ்வளவு பெரிய ஒன்றை ஆர்விட்டுக்கு யாரும் கொடுத்ததில்லை. நாற்பத்து நான்கு வருடப் பழக்கம் அவனுக்கு முன்னால் வாயைத் திறந்தது. "அய்யய்யோ, வேண்டாங்க. எங்களுக்காக நீங்க இவ்வளவு சிரமப்பட வேண்டாம்."

ஹூ அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். மா ஒரு நிமிடம் அவனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மறுத்தவர்களுக்கான தாளை எடுத்துச் சிவப்பு முத்திரையைக் குத்தினார். அவர் இரண்டாம் முறை கேட்பதற்காக ஆர்விட் தொப்பியைக் கையில் பிடித்தபடி மரியாதையாகக் காத்திருந்தான். அவன் காத்திருந்த நேரத்தில் இல்லத்து ஆயா வராந்தாவுக்குப் போய், ரோண்டாவின் பக்கத்தில் குந்தியிருந்த மின்யூவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ரோண்டா போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

நோர்டாலில் அப்போது மாலை எட்டு மணி. வெர்லிஸ் மாடியறையில் காலை வெயிலில் நின்று புழுதி பெருக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று அறை இருண்டது. ஜன்னலில் நோர்டாலின் இரவு, தெருவிளக்கு, அவள் வீட்டு நாய். இவ்வளவு மாதமும் அந்த வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள், பிறகு கீழே வந்து தொலைபேசியை எடுத்தாள். "ஏப்பா ஆர்விட், அங்க என்னத்தப் பண்ணித் தொலைச்ச? ரூம்ல நம்ம ஊரு ராத்திரி வந்துடுச்சு!"

அதன் பிறகு நடந்ததை ஹூ பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஆர்விட் மேசைக்குத் திரும்பி வந்து, "வேணும்" என்றான். முத்திரை விழுந்துவிட்டது, இனிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், எட்டு மாதமாவது ஆகும் என்றார் மா. எட்டு மாதம் என்பது குளிர்காலத்துக்கு அந்தப் பக்கம். "வேணும்" என்றான் ஆர்விட். கேட்டு வாங்க அவனுக்குத் தெரியாது, கெஞ்சவும் தெரியாது, அந்த ஒரு சொல்தான் இருந்தது. ரோண்டா உள்ளே வந்து தரையில் குந்தினாள். அவனும் தன் ஆறடி நான்கு அங்குலத்தை மடித்துப் பக்கத்தில் குந்தினான். சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. அவன் நிறுத்தவில்லை. ஹூ முதலில் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தாள், பிறகு மா கையமர்த்தி, "அது எனக்கே புரியுது" என்றார். கோப்பை மூடலாம் என்று நான்கு மணிக்கு அவர் தாளைத் தொட்டபோது விரல் சிவந்தது. துவைத்த போர்வை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் வறண்ட ஊரில், ஆறு மணி நேரமாக முத்திரை மை காயவில்லை. மா அதை அரைக்கண்ணால் பார்த்தார். அலுவலகச் சட்டத்தில் காயாத முத்திரையைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, வேறு தாளை எடுத்து, "நாளைக்கு எங்கிட்ட குழந்தைய வாங்கும்போதாவது வாய மூடிட்டு இரு" என்றார். ஹூ இதையும் விடாமல் மொழிபெயர்த்தாள். அதே நேரத்தில், நோர்டாலில் நள்ளிரவு தாண்டியும் மாடியறையிலேயே காத்திருந்த வெர்லிஸின் முகத்தில் வெயில் விழுந்தது.

ஊரில் இந்தக் கதை பரவியபோது எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "நாள் முழுக்கவா கேட்டான்?" என்று தானியக் கிடங்கில் பேசிக்கொண்டார்கள். "கொஞ்சம் ஜாஸ்திதான்." ஆனால் அவர்களில் ஒருவர்கூட, குழந்தையை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போன வண்டிகளில் ஏறாமல் இருக்கவில்லை.

ஜனவரியில் அறுவை சிகிச்சை நண்பகலில் தொடங்கி இரவுவரை ஒன்பது மணி நேரம் நடந்தது. இதயத்தை நிறுத்தி வைத்திருந்த எழுபத்து நான்கு நிமிடமும் மாடியறைச் சூரியன் ஜன்னல் சட்டத்தில் ஒரே இடத்தில் நின்றது. வெர்லிஸ் அடுப்புக் கடிகாரத்தை எடுத்துவந்து கணக்குப் பார்த்தாள். பிறகு அது நகர்ந்தது. மருத்துவமனையில் மின்யூ கண் திறந்தபோது உதடு இளஞ்சிவப்பாக இருந்தது. ஆர்விட் அதைப் பார்த்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து அழுதான்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அறையில் விடியல் தினமும் ஒன்றேமுக்கால் நிமிடம் முன்னால் வரத் தொடங்கியது. மாலை ஆறு, ஐந்து, நான்கு. குழந்தை அந்த வெளிச்சத்தோடு எழுந்தாள், வீடு அவளோடு எழுந்தது. ஞானஸ்நானம் அவளுக்குக் காலையான மாலை நான்கு மணிக்கு நடந்தது, பாதிரியார் மறுப்புச் சொல்லவில்லை. விடியல் பகல் இரண்டுக்கு வந்த கோடையில் அவள் தெருமுனைவரை ஓடினாள், குந்தாமல். ஆனால் அதே கணக்கில் அவளுடைய சீனச் சொற்களும் போயின. தண்ணீருக்கு அவள் சொல்லும் சொல் ஒரு வாரம் போயிற்று, சந்திரனுக்கானது இன்னொரு வாரம். ஆயாவின் பெயர் ஒரு செவ்வாய்க்கிழமை போயிற்று. ரோண்டா ஒவ்வொன்றையும் அவளிடம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், தன் வாயில் அது சரியாக வரவில்லை, குழந்தை சிரித்தது. இவளுக்கு அவர்கள் இருவரும் உயிர் கொடுத்ததாக ஊர் சொன்னது. எதை எடுத்துக்கொண்டோம் என்று ரோண்டாவுக்குத் தெரிந்திருந்தது, அதை நினைத்து அவள் துணி மடிக்கும்போது அழுவாள்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அறையின் விடியலுக்கும் ஊர் விடியலுக்கும் இடையே பதினோரு நிமிடம் மிச்சம் இருக்கையில் அது முன்னால் வருவது நின்றது. மறுநாளும் பதினொன்று. நாங்கள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தோம். மின்கம்பிக்காரர் வந்து பார்த்தார், பாதிரியார் வந்து பார்த்தார். பிறகு விட்டுவிட்டோம்.

இப்போது மின்யூவுக்குப் பத்து வயது. இந்த ஊரில் எதையும் முதல் முறையே கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரே ஆள் அவள்தான். தினமும் காலையில் ஊருக்கு விடிந்து, தன் அறைக்கு விடியாத அந்த நேரத்தில் அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். ரோண்டா ஒருமுறை தெரியாமல் கதவைத் திறந்துவிட்டாள். குழந்தை இருட்டில் தலையைச் சாய்த்து, பக்கத்தில் யாரோ தணிந்த குரலில் பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தாள். அவளைப் பெற்றவள் யார், எங்கே என்று எந்தக் கோப்பிலும் இல்லை. ரோண்டா சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து, "அந்த நேரம் என்னோடது இல்ல" என்று ஆர்விட்டிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். பள்ளிப் பேருந்து மற்ற வீடுகளின் வாசலில் அரை நிமிடம் நிற்கும், ஸ்கோக்லண்ட் வீட்டு வாசலில் பதினோரு நிமிடம் நிற்கும். வேலைக்குச் சேரும் ஓட்டுநர்களுக்கு வழித்தடத் தாளிலேயே அதை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டுப் பாடத்தை முடித்துக்கொள்கிறார்கள்.